பேச்சியம்மாளுக்கு ஒரு பெர்கோலா

1

நம் ஊர் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ‘வெளியே போய் நல்ல நிலைக்கு வந்தவர்கள்’ என்று ஒரு பகுதியாம். சிங்கப்பூருக்கு ஒருவர், மஸ்கட்டுக்கு ஒருவர், திருவனந்தபுரத்துக்கு நான்.

மஸ்கட்காரரோடு என்னைச் சேர்த்தது கொஞ்சம் அதிகம். அவர் விமானம் ஏறினார். நான் சங்கரன்கோவிலில் காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கியவன். கடலைத் தாண்டவில்லை, மலையைத்தான் தாண்டினேன். பாஸ்போர்ட் கேட்கவில்லை, ரூபாய் மாறவில்லை, சோறு மட்டும் கொஞ்சம் தடித்தது. மொழியும் பாதி நம் மொழிதான். அந்தப் பாதிதான் மோசம். முழுக்க வேறு மொழியாக இருந்திருந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

போன புதன்கிழமையோடு ஒரு வருடம் ஆயிற்று, என் வீட்டுப் பின்முற்றத்தில் இருந்த பெர்கோலாவை இடித்து. அதைத்தான் எழுதுகிறேன். ‘நல்ல நிலை’ப் பகுதிக்கு ஆகாது என்றால் மலர்க்குழு தாராளமாக விட்டுவிடலாம்.

2

என்ன வேலை பார்த்தேன் என்பது ஊரில் சிலருக்குத்தான் தெரியும். கொத்து வேலை என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் வார்ப்பு. கூரைக்குக் காங்கிரீட் போடுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நானும் என் மனைவி பேச்சியம்மாளும் ஒரே கூட்டத்தில் இருந்தோம். நான் பலகை அடித்துக் கம்பி கட்டுவேன். அவள் சட்டி சுமப்பாள். இந்த நகரத்தில் எத்தனை பேர் தலைக்குமேல் நாங்கள் போட்ட கூரை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிறகு மேஸ்திரி ஆனேன். ஏழெட்டுப் பேரை வைத்து வேலை எடுத்தேன். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு பஞ்சாயத்தில் மூன்று சென்ட் நிலம் வாங்கி, இரண்டு அறையும் அடுக்களையுமாக ஒரு வீடு கட்டினேன்.

மகன் ஒருவன்தான், மகேஷ். மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பக்கத்தில் அதுதான் இருந்தது. மூன்றாம் வகுப்பில் டீச்சர் அப்பாவின் சொந்த ஊரைக் கேட்டிருக்கிறார். நம் ஊர்ப் பெயர் பட்டியில் முடிகிறது இல்லையா, இங்கே பட்டி என்றால் நாய். பின்பெஞ்சில் ஒருவன் குரைத்திருக்கிறான். மகேஷ் அழுதுகொண்டு வந்தான். அதற்குப்பின் யார் கேட்டாலும் சங்கரன்கோவில் என்றான். பெரிய பள்ளிக்கூடம் போனதும் திருநெல்வேலி ஆயிற்று. காலேஜில் சேர்ந்தபின் ஒரு சிநேகிதன் வீட்டுக்கு வந்தபோது, “நம்மள் இவிடத்துகாரு தன்னே” என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று. நான் அப்போது சட்டையில்லாமல் சிமெண்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் காட்டி யாரென்று சொல்லவுமில்லை.

மகேஷ் மலையாள வாத்தியார் ஆனான். கேட்டவர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒரு பாண்டிக்காரன் மகன் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் மொழியைச் சொல்லித் தருகிறானே என்று. பாண்டி என்பது நம்மைப் பற்றி இங்கே சொல்லும் சொல். பாதிநேரம் அதில் கெட்ட எண்ணம் இருக்காது. மீதி நேரம் இருக்கும். எனக்கோ பெருமையாக இருந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கூட்டத்து ஆட்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இப்போது நெடுமங்காட்டில் தனியாகக் குடும்பம் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்துபோவான்.

3

பெர்கோலா என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கல்லாற்றில். பொன்முடிக்குப் போகும் வழியில், ஆற்றை ஒட்டி ஒருவர் விருந்தினர் விடுதி கட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். வேலை முடியும் தறுவாயில் எஞ்சினீயர் ஒரு படத்தை விரித்தார். கால்கள் நட்டு, மேலே நீளச் சட்டங்கள், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று. அவ்வளவுதான். மேலே ஓடு இல்லை, தகரம் இல்லை, ஓலை இல்லை.

“சார், மேலே என்ன போடணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாம். வெளிச்சம் வரும், நிழலும் வரும்” என்றார்.

ஆட்கள் சிரித்தார்கள். கூரை போட்டே காலம் கழித்த எங்களுக்கு, கூரையில்லாத கூரைக்கு ஆள் கூலி கொடுக்கிறான் என்பது வேடிக்கையாக இருந்தது. ஆனால் சட்டங்களை ஏற்றி முடித்த அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பேச்சி போய் அதன் அடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வெயில் அவள்மேல் கோடுகோடாக விழுந்தது.

“நல்லாத்தான் இருக்கு. சுடவும் இல்ல, இருட்டாவும் இல்ல” என்றாள்.

விடுதிக்காரரின் மேனேஜர் வந்து, தரையில் சிமெண்டுக் கறை படும், எழுந்திரு என்றார். எழுந்து வந்துவிட்டாள். அந்தத் தரையைப் போட்டதே அவள் சுமந்த சிமெண்டில்தான். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

4

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த பேச்சி அப்படியே சரிந்தாள். பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம். பேச்சும் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. திரும்பியபோது தமிழ் மட்டும்தான் வந்தது.

சாலைக் கடைத்தெருவில் மீன்காரியோடும் துணிக்கடைக்காரனோடும் இருபத்தைந்து வருடம் மலையாளத்தில் பேரம் பேசிய வாய் அது. டாக்டர் “பேரெந்தா?” என்று கேட்டால், என் முகத்தைப் பார்த்தாள். பெயர் கேட்கிறார் என்று நான் சொன்னபிறகுதான் பதில் சொன்னாள். இப்படிச் சிலருக்கு ஆகும், பின்னால் கற்ற மொழி போய்விடும், திரும்பினாலும் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. பக்கத்து வீட்டம்மா வந்து அன்பாக ஏதேதோ பேசுவார். இவள் சிரிப்பாள். அந்தம்மா போனபிறகு, “என்ன சொன்னாவ?” என்று கேட்பாள்.

நான் வேலையை விட்டுவிட்டேன். நாள்முழுக்க அவள் பத்துக்குப் பத்து அறையில் நாற்காலியில் இருந்தாள். இடது கையால் ஜன்னலைக் காட்டி, “வெளிய” என்பாள். பின்முற்றத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி சிமெண்டுத் தரை உண்டு. அங்கே நாற்காலியைப் போட்டால் பத்து மணிக்குமேல் இருக்க முடியாது. மேற்குப் பார்த்த முற்றம், மூன்று மணிக்கெல்லாம் தரை கொதிக்கும். அவள் சாப்பிடும் மாத்திரைக்கு வெயில் ஆகாது, ஆனால் இருட்டில் அடைத்தும் வைக்காதே என்றார் டாக்டர்.

அப்போதுதான் நினைத்தேன், பெர்கோலா போட்டால் என்ன என்று.

சட்டம் தெரிந்தவனாயிற்றே, முதலில் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். எந்தப் பஞ்சாயத்து என்று எழுதவில்லை. குமாஸ்தாவுக்குப் பெர்கோலா தெரியவில்லை. பந்தலா என்றார். இல்லை என்றேன். ஷெட்டா என்றார். அதுவும் இல்லை. கடைசியில் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

“மேல்க்கூர உண்டோ?”

“இல்ல சாரே.”

“கூரயில்லெங்கில் அபேக்ஷ வேண்டா. கூரயிட்டால் அப்போ வரூ.”

கூரை இல்லாவிட்டால் விண்ணப்பம் வேண்டாம், கூரை போட்டால் வா. அவர் தெளிவாகத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

ஒரு வாரம் சாக்கட்டியை வைத்துக்கொண்டு முற்றத்தில் அலைந்தேன். பத்து மணிக்கு வெயில் எங்கே, பன்னிரண்டுக்கு எங்கே, மூன்றுக்கு எங்கே என்று கோடு போட்டேன். பேச்சியின் நாற்காலி எங்கே இருக்கும், அவள் மடிமேல் எந்தக் கோணத்தில் விழும் என்று பார்த்துப் பார்த்துச் சட்டங்களின் இடைவெளியை முடிவு செய்தேன். பணக்காரர் வீடுகளில் ஆறு பெர்கோலா போட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் இப்படிக் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் வீட்டுச் சுவரில் தாங்கல், மறுபக்கம் பக்கத்து மதிலுக்கு இரண்டடி இப்பால் மூன்று இரும்புக் குழாய்க் கால்கள். மேலே ஆஞ்சிலி மரச் சட்டங்கள். கல்லாற்றுப் பக்கம் ஒரு பெட்டிக்கடைக்காரர் வீட்டிலிருந்து பாஷன்புரூட் கொடி கொண்டுவந்து வைத்தேன்.

வேலை முடிந்த அன்று அவளை நாற்காலியோடு தூக்கி அதன் அடியில் வைத்தேன். இடது கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்த வெயில் கோட்டைப் பார்த்தாள். கையை மூடினாள், திறந்தாள்.

“நமக்கா?” என்றாள்.

“பிறகு ஆருக்கு?” என்றேன்.

5

நம் ஊரில் மழை வருமுன் சொல்லிவிட்டு வரும். மேற்கே கறுக்கும், காற்று மாறும், பத்து மைலுக்கு அப்பால் பெய்வது கண்ணுக்குத் தெரியும். இங்கே அப்படியில்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே வானம் கொட்டும். அரைமணியில் மறுபடி வெயில். சுற்றிலும் தென்னந்தலைகள், அவற்றுக்கு மேலே என்ன நடக்கிறது என்று முற்றத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் இந்த மழையிடம் நான் எத்தனை ஈரக் காங்கிரீட்டைப் பறிகொடுத்திருப்பேன்.

ஐப்பசியில் ஒருநாள், மருந்து வாங்கக் கிழக்கே கோட்டை வரை போனேன். நல்ல வெயில். அவள் முற்றத்திலேயே இருக்கிறேன் என்றாள். கடையில் மருந்து இல்லாமல் இன்னொரு கடை தேடிப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஊர்ந்தது. வீடு வந்து சேர்ந்தபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து ஆவி கிளம்பியது. அதன் நடுவில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து சொட்டியது. சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டங்களுக்கு இடையே ஒரு சாண் ஒரு சாணாக அவள்மேல் ஒருமணி நேரம் பெய்திருக்கிறது.

பக்கத்து வீட்டம்மா வெளியூர் போயிருந்தார். அவர் கணவர் சுகுமாரன் சார், ஓய்வுபெற்ற அதிகாரி, மதிலுக்கு மேலே தலையை நீட்டி, உள்ளே போங்கள், உள்ளே போங்கள் என்று மலையாளத்தில் சத்தம் போட்டிருக்கிறார். இவளுக்குப் புரியவில்லை. எழவும் முடியாது. முழங்கால் வலியோடு அவர் சுற்றி வந்து பார்த்தால், முன்கதவை நான் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். பின்முற்றத்துக்கு வேறு வழி இல்லை.

“நனைஞ்சிட்டேன்” என்றாள், என்னைப் பார்த்ததும். குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகச் சொன்னாள்.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்த மறுநாளே வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட் வாங்கி, சட்டங்கள்மேல் போட்டு ஆணியடித்தேன். குமாஸ்தா சொன்னது நினைவில் இருந்தது. விண்ணப்பம், வரைபடம், வரி ரசீது, மூன்று மாத அலைச்சல். அதற்குள் எத்தனை மழை பெய்யும்? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அது என் தப்பு.

6

ஷீட்டின் சரிவு மதில்பக்கம் இருந்தது. தண்ணீர் முழுக்க சுகுமாரன் சார் முற்றத்தில் விழுந்தது. இரண்டு தடவை மதிலுக்கு அப்பாலிருந்து சொன்னார்.

“அண்ணாச்சி, வெள்ளம் மொத்தம் இங்ஙோட்டா வீழுந்நது.”

வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். நான் ஒரு தகரத் தூம்பு வைத்துப் பார்த்தேன். இந்த ஊர் மழைக்கு அது போதவில்லை. மூன்றாம் தடவை அவர் சொல்லவில்லை, பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் முற்றத்தில் விழுந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மலையாளம் நான் நன்றாகப் பேசுவேன். கடைப் பலகையும் பஸ் போர்டும் படிப்பேன். அலுவலகத்துக் காகிதம் படிக்க வராது. அதற்கென்று எப்போதும் மகேஷ் இருந்தான். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் காகிதத்தையெல்லாம் அவன்தான் படித்துச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் நீட்டினேன். நின்றபடியே கண்ணை ஓட்டினான்.

“மேல்கூரயப் பொளிச்சு மாத்தணும்ப்பா. முப்பது திவசம் உண்டு. இல்லேன்னா அவங்க நடபடி எடுக்கும்” என்றான். முப்பது நாள் கெடு, அதற்குப்பின் நடவடிக்கை.

“மாத்திட்டாப் போச்சு.”

“வேகம் செய்யுங்க. நீட்டிட்டுப் போகாதீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அவன் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்கப் போனான்.

கொத்துவேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம், பொளிப்பது என்றால் உளியால் கொத்துவது. மாற்றுவது என்றால் மாற்றுவது. எனக்கு அந்தக் காகிதத்தில் இருந்த நியாயம் உடனே விளங்கியது. தண்ணீர் அவர் பக்கம் விழுகிறது, சரிவை மாற்று என்கிறார்கள். நேர்மையான உத்தரவு என்று நினைத்தேன்.

சரிவை மாற்றுவது சின்ன வேலையில்லை. வீட்டுச்சுவரில் தாங்கல் இருந்த இடத்துக்கு ஒன்றரையடி கீழே சுவரைப் பொளித்துப் புதிய குழிகள் எடுக்கவேண்டும். ஷீட்டைக் கழற்றி, சட்டங்களை இறக்கி, மதில்பக்கத்துக் கால்களை உயர்த்தி, மறுபடி ஏற்றவேண்டும். சுவர் ஓரமாகப் பெரிய தூம்பு வைத்துத் தண்ணீரை நம் கிணற்றடிக்குக் கொண்டுபோகவேண்டும். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஆள் வைத்தால் கூலி அதிகம், எதற்கு என்று நானே செய்தேன். உளி பிடித்துப் பிடித்து வலதுகை விரல்கள் மடங்க மறுத்தன. பேச்சி கதவுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். “மெல்ல” என்பாள்.

மகேஷ் அடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தான். முதல் ஞாயிறு நான் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஞாயிறு கால்களை உயர்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஞாயிறு ஷீட்டை மறுபடி ஏற்றி ஆணியடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பின்வாசலில் நின்று பார்த்தான். ஒரு தடவை ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மழை பெய்தது. குடையோடு மதிலோரம் போய் நின்றேன். சுகுமாரன் சார் முற்றத்தில் என் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன்.

“சாரே, மேல்க்கூர பொளிச்சு மாற்றி” என்றேன், மகேஷ் சொன்ன சொற்களையே மலையாளமாக்கி.

“முழுவனும்?” முழுக்கவா என்று கேட்டார்.

“முழுவனும்.”

குமாஸ்தா ரெஜிஸ்தரில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். நான் தமிழில் போட்டேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

7

இரண்டு வாரம் கழித்து ஒருவர் பைக்கில் வந்து, சந்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த புதன்கிழமை காலை ஒரு வண்டி வந்து நின்றது. சூப்பர்வைசர் ஒருவர், நான்கு ஆட்கள். கையில் கடப்பாரையும் கட்டரும்.

பேச்சி பெர்கோலாவுக்கு அடியில் இருந்தாள். கொடி அப்போதுதான் முதல் பூ விட்டிருந்தது.

நான் என்ன என்று கேட்குமுன் சூப்பர்வைசர் கத்த ஆரம்பித்தார். நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேனாம். மாற்றிவிட்டேன் என்று ரெஜிஸ்தரில் இருக்கிறது, இதோ மேலே கூரை இருக்கிறது. கால்களும் எல்லைக்கு மிகப் பக்கத்தில் இருக்கின்றன, முழுவதும் எடுக்க உத்தரவு என்றார். நான், மாற்றித்தான் இருக்கிறேன் சாரே, வந்து பாருங்கள், தண்ணீர் இப்போது இந்தப் பக்கம்தான் வருகிறது என்று தூம்பைக் காட்டினேன். அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சத்தம் கேட்டு சுகுமாரன் சார் வந்தார். தனக்கு இப்போது புகார் இல்லை, தண்ணீர் விழுவதில்லை என்று அவரே சொன்னார். உத்தரவு உத்தரவுதான் என்றார் சூப்பர்வைசர்.

வந்த ஆட்கள் நால்வரும் நம் பக்கத்துக்காரர்கள். பேச்சைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அவர்களில் மூத்தவர் என் அருகில் வந்தார்.

“அண்ணாச்சி, அம்மாவ உள்ள கொண்டு போயிருங்க. தூசி விழும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தச் சீட்ட மட்டும் கழத்திப் போட்ருந்தா விட்ருப்பாவளாம். காலையும் சட்டத்தையும் தொட மாட்டோம்னு இருந்தாவளாம். வண்டில வரும்போது சார் சொல்லிட்டு வந்தாரு. ஏன் கழத்தாம இருந்திய?”

“மாத்தச் சொல்லித்தான எழுதியிருந்தாவ?”

அவருக்கும் இங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும்.

“இவங்க மாத்தணும்னா, எடுத்துப்போடணும்னு அர்த்தம் அண்ணாச்சி. பொளிக்கதுன்னா இடிக்கது” என்றார்.

தெரியாத சொல் இல்லை எனக்கு. வேலைத்தளத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். தட்டு பொளிக்கு, கல்லு மாற்று, அதாவது பலகையைப் பிரி, கல்லை எடு என்று மலையாளத்தில் யாராவது சொன்னால் சரியாகப் புரிந்துகொண்டு செய்திருக்கிறேன். என் மகன் தமிழில் சொன்னதால் தமிழாகக் கேட்டுவிட்டேன்.

நாற்காலியோடு பேச்சியைத் தூக்கினேன். “எதுக்கு?” என்றாள். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நானே முப்பது வருட அனுபவத்தோடு செய்த வேலை, முக்கால் மணி நேரம். அந்த ஆட்கள் மேல் குறை சொல்லமாட்டேன். சட்டங்களை உடைக்காமல் இறக்கி, சுவரோரம் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் போனார்கள்.

8

ஞாயிற்றுக்கிழமை மகேஷ் வந்தான். தரையோடு அறுத்த மூன்று இரும்புக் கால்களையும் சுவரில் நான் பொளித்த குழிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மாத்தணும்னு சொன்னேனேப்பா.”

“மாத்துனேன்லா.”

“மாத்தணும்னா எடுத்துக் களையணும்னு.”

“அது ஒங்க மலையாளத்துல. நீ எங்கிட்ட தமிழ்லதான பேசுன?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்ப்பா” என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

“மூணு ஞாயித்துக்கெழம வந்தியே. நான் செவரக் கொத்துறதப் பாத்துட்டு நின்னியே. ஏணியப் பிடிச்சியே. இது இல்லப்பா, சீட்ட எடுத்தாப் போதும்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?”

“நீங்க வாசி பிடிச்சு செய்யுதீங்கன்னு நெனச்சேன். சொன்னாக் கேக்க மாட்டீங்கன்னு.”

வாசி என்றால் இங்கே பிடிவாதம். நம் ஊரில் வாசி என்றால் படி. நான் பள்ளிக்கூடத்து முதல் வகுப்பிலும் வாசகசாலையிலும் கேட்ட சொல். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

ஒரு மலையாள வாத்தியார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு சொல்லுக்கு நான்கு அர்த்தம் எழுதிப்போடுகிறவன். தகப்பனுக்கு ஒரு சொல்லை விளக்க அவனுக்குத் தோன்றவில்லை. அந்தக் கிழவன் எப்போதும் இப்படித்தான் என்று மூன்று வாரம் நின்று பார்த்திருக்கிறான்.

அன்றிலிருந்து அவனோடு நான் மலையாளத்தில்தான் பேசுகிறேன். போனிலும் நேரிலும். நல்ல மலையாளம், தப்பில்லாமல். முதல் தடவை பேசியபோது திடுக்கிட்டான். விளையாட்டு என்று நினைத்தான். இப்போது ஒரு வருடம் ஆகிறது.

முற்றத்தில் மறுபடி கட்டலாம். கூரையில்லாமல், மதிலை விட்டுத் தள்ளிக் கட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சுகுமாரன் சாரே சொன்னார். சட்டங்கள் இருக்கின்றன. நான் கட்டவில்லை. பேச்சியும் இப்போது “வெளிய” என்று சொல்வதில்லை.

போன ஞாயிறு மகேஷ் வந்திருந்தான். அவள் கட்டிலின் இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவன் பள்ளிக்கூட விஷயம் ஏதோ சொன்னான், நான் மலையாளத்தில் பதில் சொன்னேன். மருந்து, மழை, கரண்ட் பில். பேச்சி அவன் வாயைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்.

“என்ன பேசுதிய?” என்றாள்.

மகேஷ் என் பக்கம் திரும்பி, தமிழில், “தமிழ்ல பேசுங்கப்பா. அம்மாவுக்காச்சும்” என்றான்.

“வேண்டா மோனே. தெற்றிப்போகும்” என்றேன். தப்பாகிவிடும் என்று.

அவன் முகம் சுருங்கியது. எழுந்து போவான் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் நல்ல கையைப் பிடித்து, அவனுடைய தமிழில் மெல்லச் சொன்னான்.

“அம்மா, வருத ஆழ்ச்ச எனக்குப் பத்து நாள் அவதி. இங்க வந்து ஒங்ககூட இருக்கேன்.”

ஆழ்ச்ச என்றால் வாரம், அவதி என்றால் இங்கே விடுமுறை. ஓண விடுமுறையைச் சொன்னான். பேச்சியின் முகம் கலங்கியது. கையை அவனிடமிருந்து உருவி அவன் நெற்றியிலும் கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். “ஒனக்கு என்னல அவதி? பத்து நாளா என்ன செய்யி?” என்றாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. மகேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆமாம்மா, பத்து நாள்” என்று இன்னும் அழுத்திச் சொல்லிச் சிரித்தான். அவள் அழ ஆரம்பித்தாள். அவன் என்னைப் பார்த்தான்.

லீவு என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.